கிளாத்தி துரத்தினால் மேலே ஏறாதீர்கள்

நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே மாநில எல்லை போகிறது. ஆனால் மீனுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான்: கிளாத்தி. சின்ன வயதில் கரையில் வைத்து மாமா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். முதுகில் ஒரு முள் விறைத்து நின்றது. "மக்கா, அமுக்கிப் பாரு" என்றார். இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்தினேன், அசையவே இல்லை. அவர் அதற்குப் பின்னால் இருந்த சின்ன முள்ளை லேசாக அமுக்கினார். பெரிய முள் தானாகப் படுத்துவிட்டது. பாறை இடுக்கில் புகுந்து அந்த முள்ளை நிமிர்த்திக்கொண்டால் பெரிய மீன்கூட அதை வெளியே இழுக்க முடியாது.

அப்புறம் அந்த முள்ளை நேருக்கு நேர் பார்த்தது லட்சத்தீவில், கட்மத் தீவுக்கு வெளியே, 14 மீட்டர் ஆழத்தில். கோவளத்தில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு மூழ்குவதை, படித்து முடித்த புதுப் பெருமையில் போயிருந்தேன். இது டைட்டன் வகைக் கிளாத்தி, 75 செ.மீ. வரை வளரும். செய்யக்கூடாத எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன்.

முதல் தவறு, சைகையைப் பார்த்தும் புரிந்துகொள்ளாதது. கிளாத்தி திடீரென்று வந்து கடிப்பது அபூர்வம். முதலில் முதுகு முள்ளை நிமிர்த்தும். உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் நம்மை அளந்து பார்க்கும். நானோ, "அட, போஸ் கொடுக்கிறதே" என்று கேமராவைத் தூக்கினேன்.

அடுத்ததுதான் பெரிய தவறு. பயந்தவுடன் மேல்நோக்கி ஏறினேன். காற்றும் படகும் மேலேதானே இருக்கின்றன, கால் தானாக அந்தப் பக்கம்தான் உதைக்கும். ஆனால் இந்த மீனின் எல்லை கோலம் போட்டது போலத் தரையோடு நின்றுவிடுவதில்லை. மணலிலோ உடைந்த பவளத் துண்டுகளுக்கு நடுவிலோ இருக்கும் கூடுதான் அடிமுனை. அங்கிருந்து அது புனல் மாதிரி மேலே போகப் போக அகன்றுகொண்டே போகும். மேலே ஏறுகிறவன் அதன் வீட்டு முற்றத்துக்குள்ளேயேதான் ஏறிக்கொண்டிருக்கிறான். அது என்னை விடவில்லை, துரத்திக்கொண்டே வந்தது. முட்டை காக்கும் நேரத்தில் அப்படித்தான் செய்யும், குற்றம் சொல்ல முடியாது. தரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தியிருந்தால் சில மீட்டரிலேயே எல்லை தாண்டியிருப்பேன்.

முதுகைக் காட்டி ஓடியது இன்னொரு தவறு. மீனைப் பார்த்தபடியே, ஃபின் (நீந்துவதற்குக் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு) போட்ட காலை அதற்கும் நமக்கும் நடுவில் நீட்டி வைத்துக்கொண்டு விலக வேண்டும். கடித்தால் ரப்பரைக் கடிக்கட்டும். கடல் முள்ளெலியையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்குகிற பல் அது. என் இடது ஃபின்னின் ஓரத்தில் அரைநிலா போல ஒரு துண்டு போயிருந்தது. வாடகை ஃபின், விலையைக் கட்டினேன்.

கையை வீசி விரட்டப் பார்க்காதீர்கள், விரல்தான் போகும். மீன்கள் கூட்டமாக வரட்டும் என்று கடல் முள்ளெலியை உடைத்துப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கை நீட்டினால் தீனி என்று பழகிய மீன் அடுத்து வருகிறவனின் கையையும் சும்மா விடாது.

உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது கடி இல்லை, அதற்குப் பிறகு வரும் பதற்றம். 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று ஏறினால் நுரையீரல் கிழியும். அதனால் முதலில் பக்கவாட்டில் விலகுங்கள். கூட வந்தவரைத் தேடிப் பிடியுங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். ரத்தம் நிற்காமல் வந்தால் மட்டும் அந்த நிறுத்தத்தை விட்டுவிடலாம், ஆனால் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

காயத்தை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கடலில் பட்ட புண் சீக்கிரம் சீழ் வைக்கும்.

படகில் ஏறியதும் கூடு எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்று அடுத்து இறங்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு முந்தி இறங்கியவர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் சொன்னார்கள்.