கலைவிழாவில் ஆபாசம் மேடையேறாமல் பார்த்துக்கொள்வது: மாணவர் பேரவை நிகழ்ச்சிக் குழுவுக்கு

பேரவை விழாவில் முகம் சுளிக்க வைக்கும் நிகழ்ச்சி ஒன்று அரங்கேறிவிட்டால் மறுநாள் எல்லாரும் கேட்பது, "இதை யாருப்பா ஓகே பண்ணினது?" என்றுதான். பெரும்பாலும் யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். "நடனக் குழு, 40 நிமிடம்" என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் காகிதத்தில் இருக்கும். மீதியைக் குழுவே நிரப்பிக்கொள்ளும். அதனால் இந்த வேலையை விழாவுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

எது கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உடையின் நீளத்தை வைத்து விதி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கடைசியில் மாணவிகளின் துப்பட்டாவைச் சரிபார்ப்பதில்தான் போய் முடியும். முழுக்கைச் சட்டை போட்ட தொகுப்பாளர், மூன்றாவது வரிசையில் இருக்கும் பெண்ணைக் கைகாட்டி இரட்டை அர்த்தத்தில் பேசுவதுதான் பிரச்சினை. உடம்போடு ஒட்டிய உடையில் கயிறேறி வித்தை காட்டுபவரிடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பற்றியும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய உடல் வேடிக்கைப் பொருளாகிறது, "மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா? என்ன நடக்கும் என்று தெரிந்துதான் கூட்டம் வந்திருக்கிறதா, பிடிக்காதவர் எழுந்து போக முடியுமா? செலவாவது எல்லா மாணவரின் சந்தாப் பணமா? மூன்றாவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தன் காசில் ஒருவர் வெளியே எதைப் பார்த்தாலும் அது அவர் பாடு. பொதுப் பணத்தில், பொது மேடையில் நடப்பது வேறு கணக்கு.

அதற்காகப் பாலியல் பற்றிய எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட வேண்டாம். சம்மதம், கருத்தடை, பால்புதுமையினர் (LGBTQ+) வாழ்க்கை பற்றிய நாடகங்களுக்குப் போஸ்டரிலும் நுழைவுச்சீட்டிலும் உள்ளடக்கத்தைச் சொல்லும் தெளிவான ஒரு வரி போதும். தடை தேவையில்லை.

குழுவை முடிவு செய்யும் முன் நான்கு பொருள் கேட்டு வாங்குங்கள்: சமீபத்திய நிகழ்ச்சி ஒன்றின் வெட்டாத முழு வீடியோ, பாடல் பட்டியல், உடைகளின் படம், பார்வையாளரை மேடைக்கு அழைப்பார்களா என்பதற்கு எழுத்தில் பதில். விளம்பரத்துக்காக வெட்டி ஒட்டிய மூன்று நிமிட வீடியோவை நம்ப வேண்டாம். யாரோ செல்போனில் கை நடுங்க எடுத்த வீடியோ என்றாலும் அதில்தான் உண்மை தெரியும். பாடல் வரிகளை இரண்டு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள், இசை வேண்டாம். தாளத்தில் காதோடு நழுவிப் போகிற வரி, படிக்கும்போது பல்லில் மாட்டும்.

டிஜேவிடம் 200 பாட்டுக்குப் பட்டியல் கேட்டு வாங்க முடியாது. போடக்கூடாதவை பத்தோ பதினைந்தோ எழுதிக் கொடுங்கள். எல்லாரும் மறந்துவிடும் இடம், பின்னால் இருக்கும் எல்இடி திரை. பாட்டு சாதாரணமாக இருக்கும், அதற்குப் பின்னால் ஓடும் வீடியோ அப்படி இருக்காது. ஒலிச் சோதனை நேரத்திலேயே அவருடைய லேப்டாப்பில் அந்தக் கோப்புகளை ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் "கண்ணியமாக நடத்த வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. கண்ணியத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம். இப்படி எழுதுங்கள்: "ஒப்புக்கொண்ட பாடல், உடை, காட்சி தவிர வேறெதுவும் இடம்பெறாது. பார்வையாளர் எவரையும் தொடுவதோ, பெயர் சொல்லியோ கைகாட்டியோ அவர் உடலைப் பற்றிப் பேசுவதோ கூடாது. மேடைப் பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்தப்படும்." பாதிப் பணம் முன்பணம், மீதி நிகழ்ச்சி முடிந்து. மீறினால் மீதி கிடையாது. கூட்டத்தின் ரகளையாலோ நம் தவறாலோ நின்றால் முழுத் தொகையும் கொடுத்தாக வேண்டும்; அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் காசுக்குப் பயந்தே அவர்கள் ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

ஏஜென்ட் மூலம் வரும் குழுவில் இன்னொரு கோளாறு உண்டு. ஒப்பந்தம் ஏஜென்டின் பையிலேயே இருக்கும்; ஆடுபவர்களுக்கு "பசங்க கூட்டம், கொஞ்சம் கிளாமரா பண்ணுங்க" என்ற செய்தி மட்டும் போகும். அதனால் நிபந்தனைகளின் நகலை ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் நேரடியாக அனுப்புங்கள். தாழ்ப்பாள் உள்ள உடை மாற்றும் அறை, வாகனம் வரை துணைக்கு ஆள், மேடைக்குப் பின்னால் மாணவர் யாரும் போகாத ஏற்பாடு ஆகியவை உங்கள் பொறுப்பு. பணியிட வன்முறை, தொல்லை பற்றி சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆவது உடன்படிக்கை, எந்த வகை ஒப்பந்தத்தில் வேலை செய்பவரையும் தன்னார்வலரையும்கூடத் தன் பாதுகாப்புக்குள் சேர்க்கிறது. மேடையில் ஆடுபவரும் வேலைக்கு வந்தவர்தான்.

வெளியிலிருந்து வரும் குழுவைவிட அதிகம் சிக்க வைப்பது நாமே நடத்தும் விளையாட்டுகள். பேப்பர் டான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தித்தாள் மேல் இருவர். பாட்டு நிற்கும்போதெல்லாம் தாள் பாதியாக மடியும். மூன்றாவது மடிப்பில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஒருவரை ஒருவர் தூக்காமல் நிற்க முடியாது. அந்த நேரத்தில் 500 பேர் கூச்சலிடும்போது, சீனியர் ஜோடி சேர்த்துவிட்ட முதலாமாண்டு மாணவி "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்குவாரா? இரண்டு உடல்களுக்கு நடுவே பலூன் உடைப்பது, கழுத்திலிருந்து கழுத்துக்குப் பழம் கடத்துவது எல்லாம் இதே வகை. விளையாட்டைக் கைவிட வேண்டியதில்லை, விதியை மாற்றினால் போதும். ஒரு தாளுக்கு ஒருவர், ஒற்றைக்காலில் நிற்கட்டும், சிரிப்பு குறையாது. நிதி திரட்ட ஆளையே ஏலம் விடும் வழக்கம் இருந்தால், ஆளுக்குப் பதில் அவர் செய்யும் வேலையை ஏலம் விடுங்கள்: ஒரு மணி நேரக் கிட்டார் வகுப்பு, ஒரு ஓவியம், பைக் கழுவித் தருவது. யாரையும் பெயர் கூப்பிட்டு மேடையேற்றாதீர்கள். முன்கூட்டியே சீட்டெழுதிப் போட்டவர்களை மட்டும் அழையுங்கள்.

ஸ்பான்சரிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: ஸ்டாலில் நிற்பவர்களின் உடையும் விளம்பரப் படங்களும் ஒரு வாரம் முன்பே நம் பார்வைக்கு வர வேண்டும். பணம் கைக்கு வந்தபின் கேட்டால் பதில் வராது.

விழா நாளில் மேடை விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் இடையே கை எட்டாத தூரம் விடுங்கள், குறைந்தது இரண்டு மீட்டர். நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் அமர்வது ஒலிக் கலவைப் பலகைக்குப் பக்கத்தில். விருந்தினர் வரிசையில் உட்கார்ந்தால் எழுந்து வருவதற்குள் பாட்டு முடிந்துவிடும். நிறுத்த நேர்ந்தால் மைக்கைப் பட்டென்று பிடுங்காதீர்கள். கூட்டம் உடனே மேடையில் இருப்பவருக்கு ஆதரவாகத் திரும்பிவிடும். ஒலியைப் பத்து விநாடியில் மெல்லக் குறையுங்கள், அரங்க விளக்கைப் போடுங்கள், தொகுப்பாளர் வந்து "அடுத்த நிகழ்ச்சிக்கு மேடையைத் தயார் பண்றோம், பத்து நிமிஷம்" என்று மட்டும் சொல்லட்டும். காரணத்தை மைக்கில் விளக்க வேண்டாம், ஆடியவரை அங்கே வைத்துத் திட்டவும் வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு பாடகரோ வாத்தியக் குழுவோ முன்பே தயாராக இருக்க வேண்டும்.

செல்போன் படப்பிடிப்பை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் பேரவையின் சமூக ஊடகப் பக்கத்தில் எது ஏறுகிறது என்பது உங்கள் கையில். மேடையேறியவர் சம்மதிக்காத வீடியோவைப் போடாதீர்கள். வீடியோவின் முகப்பில் தெரியும் சிறு படத்துக்கு (தம்ப்நெயில்) எந்த நொடியை வெட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

புகார் வந்தால் அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் அதை வாங்கக் கூடாது. வேறொருவர் வாங்கி, சொன்னவரின் சொற்களிலேயே, நேரத்தோடு எழுதட்டும். தொட்டார், பின்தொடர்ந்தார் என்று வந்தால் அது நிகழ்ச்சிக் குழு பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. சொன்னவரின் விருப்பத்தைக் கேட்டு, பல்கலைக்கழகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும்.

பேரவை பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை கைமாறும், அதோடு எல்லாம் மறந்தும் போகும். ஒரு கோப்பு போடுங்கள். குழுவின் பெயர், ஏஜென்ட், எந்த நிபந்தனை மீறப்பட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, மீதிப் பணம் கொடுக்கப்பட்டதா இல்லையா, யார் கையெழுத்து. நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் போதும்.