ஓட்டுச்சீட்டில் வரும் அரசியல் சட்டத் திருத்தக் கேள்வியைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல் தடவை ஓட்டுப் போடப் போகிற நம்மவர்கள் பலரும் அதிபர், கவர்னர், செனட்டர் யாருக்கு என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். சீட்டின் கடைசியில் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா, ஆமா இல்லையா என்று ஒரு பத்தி வருமே, அதை மட்டும் அங்கேயே நின்று படித்து அங்கேயே முடிவெடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பத்தியை எழுதியவர் நடுநிலையானவர் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

1. யார் எழுதியது என்று பாருங்கள்

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். ஒஹாயோவில் 5 பேர் கொண்ட பேலட் போர்டு எழுதுகிறது, அதற்குத் தலைவர் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர், அவரே ஒரு கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தவர். கலிஃபோர்னியாவில் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். யூட்டாவில் 2024ல் சட்டமன்றத்தின் இரண்டு அவைத் தலைவர்களே எழுதினார்கள். எழுதியவரின் கட்சி அந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

2. சீட்டில் இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் முழுத் திருத்தத்தைப் படியுங்கள்

இந்த வரிசை முக்கியம். ஏன் என்பதற்கு ஒஹாயோவின் 2024 நவம்பர் ‘இஷ்யூ 1’ ஒன்றே போதும். தொகுதி வரைபடத்தை அரசியல்வாதிகள் கையிலிருந்து எடுத்து, ரிபப்ளிகன் 5, டெமாக்ரட் 5, இரண்டிலும் சேராதவர்கள் 5 என்று 15 குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுப்பதுதான் அந்தத் திருத்தம். ஒரு கட்சிக்குச் சாதகமாக எல்லையை வளைத்து வரையும் ஜெர்ரிமாண்டரிங்கைத் தடை செய்வதாக அதன் வாசகமே சொன்னது. ஆனால் ரிபப்ளிகன்கள் பெரும்பான்மையாக இருந்த போர்டு சீட்டில் எழுதியது என்ன தெரியுமா? புதிய குழு ஜெர்ரிமாண்டரிங் செய்தே ஆகவேண்டும் என்று! 2015லும் 2018லும் ஓட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஏற்ற, ஜெர்ரிமாண்டரிங்குக்கு எதிரான பாதுகாப்பை இது ரத்து செய்கிறது என்றும் சேர்த்தார்கள். அந்தப் பாதுகாப்பு இருந்தும், மாநில உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப வரைபடங்களை நிராகரித்தும், நிராகரிக்கப்பட்ட வரைபடங்களை வைத்தே 2022 தேர்தல் நடந்தது என்பது அதில் இல்லை.

போர்டு தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது: மாநில அளவிலான ஓட்டு விகிதத்துக்கு ஒட்டி இடங்கள் அமைய வேண்டும் என்று திருத்தம் கேட்கிறது, அப்படியானால் கட்சியைப் பார்த்துத்தானே வரைந்தாக வேண்டும் என்றார்கள். சரி, அதைப் பிரச்சாரத்தில் தாராளமாகச் சொல்லலாம். ஓட்டுச்சீட்டு பிரச்சாரத்துக்கான இடமில்லை என்பதுதான் என் கருத்து.

முழு வாசகம் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் இருக்கும், தேர்தல் தகவல்களைத் தொகுக்கும் பேலட்பீடியா இணையதளத்திலும் கிடைக்கும். நீளத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். பழைய சட்டத்தில் எந்த வரி அடிக்கப்படுகிறது, எது புதிதாகச் சேர்கிறது, இந்த இரண்டை மட்டும் தேடுங்கள்.

3. எது முன்னால் நிற்கிறது, எது காணவில்லை?

மிசௌரியில் 2020ல் வந்த ‘திருத்தம் 3’ஐப் பாருங்கள். சீட்டில் முதலில் வந்தது சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லாபியிஸ்ட்கள் (சட்டமன்றத்தில் காரியம் சாதிக்க நிறுவனங்கள் அமர்த்தும் ஆட்கள்) பரிசு கொடுக்கத் தடை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்பே உச்சவரம்பு வெறும் 5 டாலர்தான். உண்மையான மாற்றம் கீழே இருந்தது: 2018ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த தொகுதி வரையறை முறையை மாற்றுவது. சட்டமன்றம் எழுதிய சுருக்கத்தில் அது சரியாகச் சொல்லப்படவில்லை என்று நீதிமன்றம் திருத்தி எழுதியது. பரிசுத் தடை மட்டும் முதல் இடத்திலேயே இருந்தது. திருத்தம் சுமார் 51 சதவீதத்தில் ஜெயித்தது.

யூட்டாவின் 2024 ‘திருத்தம் டி’ இன்னும் மோசம். மக்கள் மனுப்போட்டுக் கொண்டுவரும் சட்டத்தைச் சட்டமன்றம் மாற்றவும் ரத்து செய்யவும் அதிகாரம் தருவது அது. சீட்டிலோ அந்த மனுமுறையை ‘வலுப்படுத்துவது’ என்று இருந்தது.

டெமாக்ரட்கள் இதைச் செய்வதில்லை என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் வரி உயர்வை ரத்து செய்ய 2018ல் கலிஃபோர்னியாவில் வந்த ‘ப்ராப்போசிஷன் 6’க்கு அவர்கள் கட்சி அட்டர்னி ஜெனரல் வைத்த தலைப்பு, சாலைப் பழுதுபார்ப்புக்கான நிதியை ஒழிக்கிறது என்றுதான் தொடங்கியது. வரி ரத்தாகும் என்பது அதற்கு அப்புறம்தான். உங்களுக்குப் பிடித்த கட்சி எழுதியிருந்தால் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

4. வழக்கு நடந்ததா என்று தேடுங்கள்

திருத்தத்தின் பெயரோடு ‘பேலட் லாங்வேஜ்’, ‘கோர்ட்’ என்று போட்டுத் தேடினால் போதும். யூட்டாவில் திருத்தம் சீட்டில் இருந்தபோதும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விழுந்த ஓட்டுகள் எண்ணப்படவில்லை. ஒஹாயோவில் இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்ன நீதிமன்றம், முக்கியமான அந்த ஜெர்ரிமாண்டரிங் வரியை 4க்கு 3 என்று கட்சிவாரியாகப் பிரிந்து அனுமதித்தது. திருத்தமும் தோற்றது. ஆகவே நீதிமன்றம் விட்டுவிட்டது என்பதால் வாசகம் நியாயமானது என்று அர்த்தமில்லை.

5. உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள்

“ஆம் என்றால் இது மாறும். இல்லை என்றால் இப்போதுள்ள இது தொடரும்.” தமிழிலேயே எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை, இரண்டாவது படிக்குத் திரும்புங்கள். உங்கள் கவுன்டி தேர்தல் அலுவலகத் தளத்தில் மாதிரி ஓட்டுச்சீட்டு கிடைக்கும். அதை அச்செடுத்து, இந்த இரண்டு வரியையும் திருத்தத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். சாவடிக்குள் போன் அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் காகிதமாகவே எடுத்துப் போங்கள்.