நற்செய்திக் காட்சியைத் தியானிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நற்செய்தி நிகழ்ச்சி ஒன்றை மனக்கண்முன் நிறுத்தி, அதற்குள் நாமும் போய் நின்று செபிக்கும் முறை, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூல் வழியாகவே பெரிதும் பரவியது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் அந்நூலுக்கு ஒப்புதல் அளித்தார். அமைதியான தியான இல்லத்தில் ஒரு மணி நேரம் செய்யும் பயிற்சியை வீட்டில் 20 நிமிடத்தில் செய்யும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. புயலின் நடுவே படகில் தூங்கும் இயேசு, சீடர்கள் எழுப்பியதும் காற்றையும் கடலையும் அடக்கும் பகுதியை (மாற்கு 4:35-41) வைத்தே அவற்றைப் பார்ப்போம்.

ஆள், இடம், செயல் மூன்றும் உள்ள பகுதியை எடுங்கள். திருத்தூதர் பவுலின் திருமுகத்தில் ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு காட்சி தேடினால் களைப்புதான் மிஞ்சும். ஏழு வசனம் போதும். முழு அதிகாரம் வேண்டாம். நிதானமாக இருமுறை வாசித்துவிட்டு விவிலியத்தை மூடி வையுங்கள்.

“கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியவில்லை” என்று பலர் சில நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். திரைப்படம்போல் காட்சி ஓட வேண்டிய அவசியமில்லை. கார்மேல் சபைத் துறவியான புனித அவிலா தெரேசா தமக்குக் கற்பனை ஆற்றல் மிகக் குறைவு என்றே எழுதியிருக்கிறார். அவரும் பல ஆண்டுகள் தூங்குமுன் கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவின் அருகில் இருப்பதாக எண்ணிச் செபித்தவர்தான். படம் வராவிட்டால் காற்றின் இரைச்சலைக் கேளுங்கள். நனைந்த துணி உடம்பில் ஒட்டுவதை உணருங்கள்.

எல்லாம் சரியாக இருக்க வேண்டுமென்று ஆராயத் தொடங்குவதும் தவறே. 1986-இல் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது, இயேசுவின் காலத்தை ஒட்டிய மரப்படகு ஒன்று சேற்றில் கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், சுமார் 2.3 மீட்டர் அகலம். எவ்வளவு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது இதிலிருந்தே புரிந்துவிடும். இத்தகைய விவரம் ஒன்றிரண்டு போதும், அதையும் முந்தின இரவே படித்துவிடுங்கள். நடுவில் கைபேசியை எடுத்தால் செபம் அங்கேயே நின்றுவிடும். மாற்குவே வேண்டியதைத் தருகிறார்: மாலை நேரம், கூடவே வந்த வேறு படகுகள், படகின் பின்புறம், தலையணை.

முடிவு நமக்குத் தெரியும் என்பதால் புயல் தொடங்கியதுமே இயேசுவை எழுப்பிவிடுகிறோம். அச்சம் நம்மைத் தொடாமலே அமைதி வந்துவிட்டால், “ஏன் அஞ்சுகிறீர்கள்?” என்ற இயேசுவின் கேள்வி வேறு யாரிடமோ கேட்கப்பட்டதாகிவிடும். கரையில் நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். இயேசுவின் பிறப்புக் காட்சியில் இஞ்ஞாசியார் நம்மை ஒரு சிறு பணியாளராக நின்று உதவச் சொல்கிறார். இங்கே படகில் ஏறும் தண்ணீரை இறைக்கலாம். கை வேலை செய்யும்போது மனம் காட்சிக்குள் தங்கும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது, கற்பனையில் கேட்ட சொல்லை அப்படியே இறைவாக்காக எடுத்துக்கொள்வதில்தான். தூய ஆவி நம் கற்பனை வழியாகப் பேசலாம். நம் ஆசையும் பயமும் அதே வழியில்தான் வரும். காட்சியில் இயேசு உங்களை இகழ்ந்தால், அது சிறுவயதில் உங்களைத் திட்டிய யாரோ ஒருவரின் குரலாக இருக்கலாம். நற்செய்தியில் சீடர்களைக் கடிந்துகொள்பவர் அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. வந்த எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் நன்மையை நோக்கியே போகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். வேலையை விடுவது, திருமணம், துறவறம் போன்றவற்றை ஒருநாள் தியானத்தில் கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

சில காட்சிகள் சிலருக்குக் காயத்தைக் கிளறும். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் இந்தப் பகுதியைத் திணிக்கக் கூடாது. மூச்சு முட்டினாலோ உடல் நடுங்கினாலோ உடனே நிறுத்திக் கண்ணைத் திறவுங்கள். அது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

காட்சி முடிந்ததும் எழுந்துவிடுவது பரவலான பழக்கம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு: ‘இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்?’ என்று பாடம் தயாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தை இயேசுவோடு பேசுவதற்கென்றே வையுங்கள், நண்பர் நண்பரிடம் பேசுவதுபோல. “நீர் தூங்கியது எனக்குக் கோபமாக இருந்தது” என்று கூடச் சொல்லலாம். சீடர்கள் அதைத்தானே சொன்னார்கள்.

பிறகு இடம் மாறி உட்கார்ந்து இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே மனம் நெகிழ்ந்தது, எங்கே வறண்டது. மறுநாள் புதிய பகுதிக்குப் போகாமல், காட்சியின் அந்த இடத்துக்கே திரும்புங்கள்.