பக்கத்து வீட்டோடு சேர்ந்து காய் போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாசி பிறந்ததும் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்து விளைகளில், அதாவது தோட்டங்களில், மம்பட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். விஷுக் கணிக்கு வெள்ளரி வேண்டும், சேனை நட வேண்டும், கூடவே கொஞ்சம் பாகல், புடலை. இடம் இருக்கிற வீட்டில் ஆள் இல்லை, ஆள் இருக்கிற வீட்டில் இடம் இல்லை. அதனால் இரண்டு வீடு சேர்ந்து போடுவது நல்ல வழிதான், ஆனால் மண்ணை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் பேசிவிட்டு இறங்காதீர்கள். பின்னால் மனக்கசப்பு வருவதெல்லாம் பெரும்பாலும் காலம், தண்ணீர், பூச்சி இந்த மூன்றில்தான்.

'கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு' என்று சேனைக்குச் சொல்வார்கள். கும்பம் நம் மாசி. அதை நம்பி நீங்கள் சேனை நட, ஒட்டினாற்போல அடுத்த வீட்டு அக்கா தண்டங்கீரை விதைக்கிறார். கீரை ஒன்றிரண்டு மாதத்தில் முடிந்துவிடும், சேனை எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடக்கும். அவர் அடுத்த விதைப்புக்குக் கொத்தும்போது வெட்டு உங்கள் கிழங்கில் விழும். சேனை, மரச்சீனி (மரவள்ளி), ஏத்தன் (நேந்திரன்) வாழை எல்லாம் ஒரு ஓரம், கீரையும் வெண்டையும் இன்னொரு ஓரம் என்று முதலிலேயே ஒதுக்குங்கள். இடத்துக்காரரிடம் "கார்த்திகை வரை இந்த மூலை எனக்கு வேணும் அண்ணே" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், பாதியில் அவர் அங்கே கல் இறக்கினால் யாரைக் குறை சொல்வது?

அப்புறம் தண்ணீர். பங்குனியில் கிணறு இறங்கும் நேரம், மோட்டார் ஓடுவதோ அவர்கள் வீட்டு மீட்டரில். கரன்ட் பில்லில் உங்கள் பங்கை அவர்கள் கேட்கும் முன்னே கொடுங்கள். செடியைச் சுற்றிச் சருகு, தென்னந்தொண்டு (தேங்காய் மட்டை) போட்டால் ஈரம் நிற்கும், தண்ணீரும் குறைவாகப் போதும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, என் பக்கம் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பது. பாகல், புடலையில் பழ ஈ காய்க்குள் முட்டையிடும், புழு காயைத் தின்று வளர்ந்து மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். சொத்தைக் காயை வேலி ஓரம் எறிந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஈ வளர்க்கிறீர்கள். ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள், இல்லை பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். ஆண் ஈக்களை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியையும் இரண்டு வீடும் ஒரே சமயத்தில் வையுங்கள், ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்திலிருந்து ஈ வந்துகொண்டேதான் இருக்கும்.

சாணக் குழியும் அப்படித்தான். பொதுவாகப் போட்டுவிட்டு யாரும் கிளறாமல் விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் பெருகும், கடைசியில் அடி வாங்குவது இரண்டு வீட்டுத் தென்னையும். அவ்வப்போது கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள், அந்தப் புழுக்களைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணம் கிடைத்தால் குழியில் கலந்துவிடுங்கள். வாழைக்கன்று இலவசமாகக் கிடைக்கிறதே என்று தாய்வாழையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றால் அது முடிக்கொத்து நோய். அதற்கு மருந்து கிடையாது, கன்று வழியாகவும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவும், கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் வழி. நோய் பக்கத்து விளையில் தெரிந்தால், சொன்னால் வருத்தப்படுவாரோ என்று தயங்காமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.