ரத்தம் ஏத்த ஏத்த குறையுதா? எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டு போங்க

எங்க பெரியப்பாவுக்கு ஹீமோகுளோபின் 6க்கு இறங்கும், ரத்தம் ஏத்துவாங்க, ரெண்டு மாசம் தெம்பா இருப்பார், அப்புறம் மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், டெஸ்ட் எடுத்தா மறுபடி 6. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். ஹார்ட் ஃபைல் மட்டும் தனியா பீரோ மேல மஞ்சப்பையில கெடந்துச்சு, அதுல அயோர்ட்டிக் வால்வு, அதாவது இதயத்துலேர்ந்து உடம்புக்கு ரத்தம் போற வாசல், ரொம்ப சுருங்கியிருக்குன்னு எழுதியிருந்தத குடல் டாக்டர்கிட்ட காட்டணும்னு எங்க யாருக்குமே தோணல.

இப்படி வால்வும் சுருங்கி, குடல்லயும் ரத்தம் கசியறதுக்கு ஹெய்டு சிண்ட்ரோம்னு பேரு. 1958ல எட்வர்ட் ஹெய்டுங்கிற அமெரிக்க டாக்டர், வால்வு சுருங்கின பல பேருக்கு காரணமே தெரியாம குடல்ல ரத்தம் போகுதுன்னு ஒரு மருத்துவ இதழுக்கு லெட்டர் எழுதினார். ஏன்னு புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. ரத்தம் உறையறதுக்கு வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்னு ஒரு புரதம் வேணும், நீளமான சங்கிலி மாதிரி இருக்கும். சுருங்கின வால்வு வழியா ரத்தம் பீய்ச்சி அடிக்கும்போது அந்த சங்கிலி இழுபட்டு விரியும், அப்ப ரத்தத்துல இருக்கற ஒரு என்சைம் அத துண்டு துண்டா வெட்டிடும். குடல் சுவர்ல ஆஞ்சியோடிஸ்பிளாசியான்னு மெல்லிசா புடைச்ச ரத்தக்குழாய்கள் இருந்தா கசிய ஆரம்பிச்சு நிக்காது, அவ்ளோதான்.

அதனால மொதல்ல எக்கோ ரிப்போர்ட்ட தேடி எடுங்க. வால்வு ஏரியா 1 சதுர செ.மீ.க்கு கீழயோ, mean gradient (வால்வுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற அழுத்த வித்தியாசத்தோட சராசரி) 40 mmHg-க்கு மேலயோ இருந்தா சுருக்கம் அதிகம்னு அர்த்தம். குடல் டாக்டர், ஹார்ட் டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு ஃபைலையும் வச்சு "இது ஹெய்டா இருக்குமா சார்"னு நேராவே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. சாதாரண ரத்தம் உறையற டெஸ்ட் நார்மலா வந்தாலும் விட்றாதீங்க, இதுக்கு வான் வில்லிபிராண்ட் மல்டிமர்னு தனி டெஸ்ட், எல்லா லேப்லயும் கிடைக்காது. சிறுகுடல பாக்க கேப்சூல் எண்டோஸ்கோப்பி இருக்கு, கேமரா வச்ச மாத்திரை, முழுங்கிட்டா போதும்.

மலத்தையும் பாக்கணும், வேற வழியில்ல. அயர்ன் மாத்திரை போட்டாலும் கருப்பாத்தான் போகும், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு ஒட்டி கெட்ட நாத்தம் அடிச்சா அது ரத்தம். அதோட தலைசுத்தலும் இருந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்கு போங்க. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது.

கசியற எடத்த எண்டோஸ்கோப்பியில சுட்டு அடைக்கலாம், ஆனா வால்வு அப்படியே இருந்தா வேற எடத்துல கசியும். வால்வ மாத்தினா நெறைய பேருக்கு ரத்தப்போக்கு நின்னுடுது, ஓப்பன் சர்ஜரியாவும் பண்ணலாம், நெஞ்ச திறக்காம தொடை ரத்தக்குழாய் வழியா புது வால்வ வைக்கற டாவி (TAVI) முறையிலயும் பண்ணலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே பேசிடுங்க: மெக்கானிக்கல் வால்வுன்னா ஆயுசுக்கும் வார்ஃபரின், அது ரத்தத்த இளக்குற மருந்து. ஏற்கனவே குடல்ல கசியறவருக்கு டிஷ்யூ வால்வு (விலங்கு திசுவுல செஞ்சது) சரிவருமான்னு கேளுங்க. பெரியப்பாவுக்கு அதத்தான் வச்சாங்க.