நியூபோர்ட் மாளிகைகளை அடுப்படியிலிருந்து பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கடலோரம் இருக்கும் ஊர் நியூபோர்ட். ரயில்வேயிலும் நிலக்கரியிலும் பணம் குவித்த குடும்பங்கள் கோடையில் சில வாரம் தங்குவதற்காக இங்கே கல் மாளிகைகள் கட்டின. அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காட்டேஜ்'!

நான் பாஸ்டன் பக்கம் கொதிகலன், வெந்நீர்க் குழாய் வேலை பார்க்கிறேன். அப்பாவை முதல் முறை அங்கே கூட்டிப் போனபோது, மூன்றாவது மாளிகையிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. "இவ்வளவு பெரிய வீட்டுக்கு அடுப்பு எங்கேடா?" என்றார். அன்றிலிருந்து நான் போகும் வரிசையே வேறு.

முதலில் தி எல்ம்ஸ். நிலக்கரி முதலாளி எட்வர்ட் பெர்வின்ட் 1901-ல் கட்டி முடித்தது. பணியாளர்கள் வாழ்ந்த இடங்களைக் காட்ட அங்கே தனிச் சுற்று உண்டு. சிறு குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். மாடிப்படி அதிகம், முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.

மேல்தளத்தில் பணியாளர் அறைகள். தெருவில் நின்று பார்த்தால் அப்படி ஒரு தளமே தெரியாதபடி கைப்பிடிச் சுவர் மறைக்கிறது. அப்புறம் நிலவறை. நிதானமாகப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் இறங்கிய நிலக்கரி, தரைக்கடியில் தண்டவாளம் போட்ட சுரங்கம் வழியாகக் கொதிகலனுக்கு வந்தது. விருந்தாளி கண்ணில் ஒரு கரித்தூள்கூடப் படக்கூடாது. 1902-ல் பணியாளர்கள் ஓய்வு நேரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், எல்லாரையும் நீக்கிவிட்டார்கள். அந்தக் கொதிகலன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான். 1962-ல் இந்த வீட்டையே இடிக்கவிருந்தார்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் நியூபோர்ட் சங்கம் ஒன்று வாங்கியதால் தப்பித்தது.

அடுத்து தி பிரேக்கர்ஸ். 1895-ல் முடிந்த, 70 அறை கொண்ட வீடு; ரயில்வேயில் பணம் குவித்த வாண்டர்பில்ட் குடும்பத்துடையது. தங்கப் பூச்சை எல்லாரும் காட்டுவார்கள்; நீங்கள் குளியல் தொட்டியின் குழாய்களை எண்ணுங்கள். நல்ல தண்ணீருக்கு இரண்டு, கடல்நீருக்கு இரண்டு. இதே இடத்தில் முன்பிருந்த மரவீடு 1892-ல் எரிந்துபோனது. அந்தப் பயத்தில் கொதிகலனை வீட்டுக்குள் வைக்கவே இல்லை. வாசல் பக்கம் தரைக்கடியில் வைத்து, சுரங்கம் வழியாக வீட்டுக்குச் சூடு கொண்டுவந்தார்கள். நிலவறைச் சுற்றில் அந்தச் சுரங்கத்துக்குள் நடக்கலாம். என் தொழில்காரர்கள் யாரானாலும் இதைத் தவறவிடக்கூடாது.

மார்பிள் ஹவுஸை நேரமிருந்தால் பாருங்கள். பளிங்குதான், நிறைய பளிங்கு.

சாயங்காலம் கிளிஃப் வாக். மூன்றரை மைல் கடலோரப் பாதை, கட்டணம் கிடையாது, மாளிகைகளின் பின்பக்கம் முழுதாகத் தெரியும். தென்கோடி வெறும் பாறை, செருப்போடு போகாதீர்கள். முழுதும் நடக்க முடியாவிட்டால் 'நாற்பது படிகள்' வரை போனால் போதும். அந்தக் காலத்தில் வேலை முடிந்த பணியாளர்கள் கூடிப் பேசிய இடம் அதுதான். அப்பா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.