இன்வெர்ட்டர் இருந்தும் என் கோய் மீன்கள் செத்தது ஏன்? குளத்துக்கு மின்தடை ஏற்பாடு, படிப்படியாக

அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போகவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு பின்வாசலுக்குப் போனேன். தொட்டியில் சத்தமே இல்லை. ஒன்பது கோய் மீன்களில் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) பெரிய மூன்றும் சாய்ந்து மிதந்தன. மற்றவை தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் ஃபேன் ஓடுகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, இன்வெர்ட்டர் முழு சார்ஜோடு பச்சை விளக்கு காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. விஷயம் இதுதான்: தண்ணீருக்குள் கிடந்த சப்மெர்சிபிள் பம்பின் வயரில் கசிவு. ராத்திரி எப்போதோ ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதே லைனில் ஏர் பம்பையும் மாட்டி வைத்திருந்தது என் மடத்தனம்.

தெருவில் கரண்ட் போவது வேறு, குளத்தில் கரண்ட் போவது வேறு. மீனுக்கு இரண்டாவதுதான் கணக்கு. புதிதாகக் கோய் வளர்க்கிறவர்கள் "இன்வெர்ட்டர் இருக்கே" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் வீட்டில் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் வீடு, 4,000 லிட்டர் சிமென்ட் தொட்டி, மீன்கள் கொளத்தூரில் வாங்கியவை. உங்கள் தொட்டி அளவுக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 4,000 லிட்டருக்கு 30 கிராம். அந்த ஆக்சிஜனைத் தனியே வாயுவாகப் பிரித்தெடுத்தால் ஒரு தண்ணீர் கேனை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். ஒன்பது மீன், ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா, அடியில் படிந்த கசடு, பாசி எல்லாம் அந்த ஒரு கேனிலிருந்துதான் மூச்சு விட வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதே கோய் சிரமப்படத் தொடங்கிவிடும். பெரிய மீன்தான் முதலில் போகும், சின்னது பிழைக்கும். நான் பார்த்ததும் அதுதான்.

பகலில் பாசி ஆக்சிஜன் தரும், ராத்திரியில் அதுவும் சேர்ந்து எடுக்கும். அதனால் விடியற்காலைக்குக் கொஞ்சம் முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் நிற்பதைவிட ராத்திரி இரண்டு மணிக்கு நிற்பது பல மடங்கு ஆபத்து.

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் "மூன்று நாள் கரண்ட் இல்லை, என் கோய்க்கு ஒன்றும் ஆகவில்லை" என்று வீடியோக்கள் வரும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. 10 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், அந்தக் குளிரில் மீனும் அசையாமல் அடியில் கிடக்கும். கோயின் பிறந்த ஊரான ஜப்பானின் நீகாத்தா மாநிலத்து யமகோஷியில் பனி ஆளுயரத்துக்கு விழும். அங்கேயே 2004 அக்டோபர் 23 அன்று வந்த நிலநடுக்கத்தில் சாலையும் கரண்டும் அறுந்து, ஏராளமான மீன்கள் செத்து, பிழைத்தவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். நம் ஊர் வெயிலில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான்.

படி 1: எது ஓட வேண்டும், எது ஓடத் தேவையில்லை

முதலில் காற்று. இரண்டாவது, முடிந்தால், ஃபில்டருக்குப் போகும் பம்ப். யூவி விளக்கு, அருவி, அலங்கார விளக்கு எதுவும் பேக்கப்பில் வேண்டாம்.

நிறைய பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தண்ணீர் பம்பையும் சேர்த்து ஓட்டப் பார்த்து, பெரிய பேட்டரிக்குக் காசில்லாமல், கடைசியில் எதுவுமே வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று தரும் ஏர் பம்ப் 35 வாட்ஸ்தான் இழுக்கும். பழைய குண்டு பல்பைவிடக் குறைவு. ஒரு நாள் முழுக்க ஃபில்டர் நின்றாலும், தீனி போடாமல் இருந்தால் மீன் சமாளித்துவிடும். காற்று நின்றால் சமாளிக்காது.

படி 2: லைனைப் பிரியுங்கள்

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு வேலை சொல்லுங்கள். தண்ணீருக்குள் கிடக்கும் எல்லாம் ஒரு ஆர்சிசிபியில், ஏர் பம்ப் வேறொரு ஆர்சிசிபியில். இரண்டும் 30 மில்லி ஆம்பியர். செலவு ஆகிறதே என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். மீனுக்காகக் கையை உள்ளே விடப்போவது நீங்கள்தான்.

அடுத்தது, ஏர் பம்பின் ப்ளக்குக்கு இன்வெர்ட்டர் லைன். பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு ஹாலுக்கும் படுக்கையறைக்கும்தான் போகும், பின்வாசல் ப்ளக் நேரடி ஈபி லைனில் இருக்கும். மெயினை இறக்கிவிட்டு அந்த ப்ளக்கில் ஒரு டெஸ்டரை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். புதிதாக இழுக்கும்போது ஃபேஸோடு நியூட்ரலையும் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். நியூட்ரல் கலந்தால் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

படி 3: இன்வெர்ட்டர் கணக்கு

12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் 12 × 150 = 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறையும், எனவே 900 என்று வைத்துக்கொள்வோம். ஏர் பம்ப் 35 வாட்ஸ். இன்வெர்ட்டர் தானே தின்பது ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். அதற்கு 15 சேர்த்தால் 50 வாட்ஸ். 900 ÷ 50 = 18 மணி நேரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டு சீலிங் ஃபேன், நான்கு எல்ஈடி, ஒரு வைஃபை பெட்டி எல்லாம் சேர்த்து 180 வாட்ஸைக் கூட்டுங்கள். மொத்தம் 230. நான்கு மணி நேரம்கூட வராது. பேட்டரி மூன்று வயதைத் தாண்டியிருந்தால் அதிலும் பாதி என்று எண்ணிக்கொள்வது நல்லது. புழுக்கமான ராத்திரியில் "மீனுக்காக ஃபேனை நிறுத்துகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தவன் நான். அதற்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

இன்வெர்ட்டர் வாங்கப்போகிறீர்கள் என்றால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏர் பம்பின் காந்தச்சுருள் உறுமும், சூடேறும்.

படி 4: மீனுக்கென்று ஒரு பேட்டரி

என் அனுபவத்தில் காசு போட வேண்டிய இடம் இதுதான். ஏசி/டிசி ஏர் பம்ப் என்று கேட்டால் வண்ண மீன் கடைகளில் தருவார்கள். உள்ளே பேட்டரி இருக்கும். ப்ளக்கில் கரண்ட் இருக்கும்வரை சார்ஜ் ஏறும், நின்ற நொடியில் பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும்.

இதை எந்த ப்ளக்கில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதன்மை ஏர் பம்ப் இருக்கும் அதே லைனில் மாட்டுங்கள். அப்போதுதான் ஈபி போய் இன்வெர்ட்டரும் தீர்ந்தாலும், ஆர்சிசிபி விழுந்தாலும், வேலைக்கு வந்த யாரோ அந்த லைனின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனாலும் இது விழித்துக்கொள்ளும். இன்வெர்ட்டருக்கு வீட்டுக்குள் கரண்ட் வருகிறதா என்பது மட்டும்தான் தெரியும், தோட்டத்து லைன் செத்துக் கிடப்பது தெரியாது.

மீன் தொட்டிக்கு விற்கும் உள்ளங்கை அளவு பம்ப் போதாது. வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு ஆழத்துக்குக் காற்றைத் தள்ளும் என்றும் கேளுங்கள். பேட்டரி பம்பின் ஏர் ஸ்டோனை (டியூப் நுனியில் குமிழி விடும் கல்) அடியில் போடாமல் இரண்டடி ஆழத்தில் தொங்கவிடுங்கள், காற்று கூடுதலாக வரும்.

கூடவே, கரண்ட் போனால் கத்தும் ஒரு சின்ன அலாரம் அதே லைனில் இருந்தால் நல்லது. ரிலே ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர். எலெக்ட்ரீஷியன் அரை மணியில் செய்து தருவார். பஸ்ஸர் தோட்டத்தில் வேண்டாம், படுக்கையறைப் பக்கம் வையுங்கள்.

படி 5: தண்ணீர் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். முடியாவிட்டால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியே ஏறி வந்து பம்பையே நனைத்துவிடும். அதேபோல் தண்ணீர் பம்பின் குழாயும் சைஃபன் ஆகித் தொட்டியைக் காலி செய்யலாம். பம்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மட்டத்தைக் கவனித்தால் போதும்.

கரண்ட் போன நேரத்தில்

தீனி போடாதீர்கள். செரிக்கவே மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், கழிவு அம்மோனியாவாகச் சேரும். நல்ல உடம்புள்ள கோய் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

திறந்த ஃபில்டர் என்றால் உள்ளே ஒரு ஏர் ஸ்டோனைப் போடுங்கள். அல்லது ஃபில்டர் பாய், பயோபால் (பாக்டீரியா குடியிருக்கும் பிளாஸ்டிக் உருண்டைகள்) பையைத் தூக்கிக் குளத்திலேயே குமிழிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், பாக்டீரியா பிழைத்திருக்கும்.

எல்லாம் கைவிட்டால் பக்கெட் இருக்கிறது. மொண்டு, இடுப்புயரத்திலிருந்து சிதறும்படி ஊற்றுங்கள். அழகாக ஒழுக விடுவதில் பயனில்லை, தண்ணீர் உடைய வேண்டும். புதுத் தண்ணீர் விடலாம் என்று தோன்றும். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் கலக்காமல் விடாதீர்கள். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் நிலத்தடியிலிருந்து வரும்போது ஆக்சிஜனும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதையும் தெளித்துத்தான் விட வேண்டும்.

கரண்ட் வந்த பிறகு

சந்தோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். மூடிய டிரம் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும். திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்தத் தண்ணீரை முழுக்க வெளியே கொட்டி, பாயைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். கரண்ட் இல்லாதபோது தப்பிய மீன், கரண்ட் வந்தபின் சாவது இதனால்தான். ஒரு வாரத்துக்கு அம்மோனியா, நைட்ரைட் கிட்டில் பாருங்கள். நைட்ரைட் ஏறினால் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பு, அயோடின் சேர்க்காதது, கரைத்து விடலாம். தாமரையோ அல்லியோ வளர்க்கிறவர்கள் அளவை மீறாதீர்கள்.

புயல் என்றால்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 18 மணி நேரக் கணக்கெல்லாம் அதற்கு முன் நிற்காது. எச்சரிக்கை வந்ததும் தீனியை நிறுத்துங்கள், எல்லாவற்றையும் சார்ஜ் போடுங்கள், பேட்டரியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றுங்கள், வழியும் வாய்க்கு வலை கட்டுங்கள். தொட்டி நிரம்பினால் கோய் தெருவுக்குப் போய்விடும். தண்ணீர் சூழ்ந்த இடத்தில் எந்த ப்ளக்கையும் தொடாதீர்கள்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ, மழைக்காக மூடிய போர்ட்டிகோவிலோ ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டு ப்ளக்கில் சொருகி லைனுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு அது உலை. தினமும் சில மணி நேரம் ஓட்டி, இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடிவிடும்.

கடைசிப் படி: ஒத்திகை

ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துவிடுகிறேன். முதலில் வீட்டு மெயினை இறக்கி, இன்வெர்ட்டரில் ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பது. பிறகு மெயினைப் போட்டுவிட்டு, ஏர் பம்ப் லைனுக்கான ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கி, பேட்டரி பம்ப் விழிக்கிறதா என்று பார்ப்பது. விழித்தால் கடிகாரத்தைப் பார்த்து, அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பக்கத்துச் சுவரில் தேதியோடு எழுதுவது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதில்லை. பகலில், பக்கத்தில் இருந்துகொண்டு செய்யுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

என் முதல் ஒத்திகையில் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், அலாரம் கத்தியது, பேட்டரி பம்ப் அசையவே இல்லை. பின்னால் ஒரு குட்டி சுவிட்ச், ஆட்டோ என்று எழுதியிருந்தது. வாங்கி நாலு மாதமாக அது ஆஃபில்தான் இருந்திருக்கிறது.